கைக்குக் கிடைத்த பிள்ளை

தண்ணீர் வந்தால் பயப்படுகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தண்ணீர் போனால் பயப்படுகிறவர்கள் எனக்குத் தெரிந்து எங்கள் குடும்பம் மட்டும்தான். மட்டாஞ்சேரி போன்ற ஊரில், அதாவது தண்ணீர் நாள்தோறும் போவதும் வருவதுமாக இருக்கும் ஊரில், இப்படியொரு பயத்தோடு குடியேறுவது பூனைக்குப் பயந்தவன் மீன் மார்க்கெட்டில் வேலைக்குச் சேர்ந்த மாதிரி.

நாங்கள் மலையிலிருந்து இறங்கியவர்கள். மூணாறுக்கும் மேலே, பஸ் நின்ற பிறகும் நடக்க வேண்டிய ஓர் எஸ்டேட். அந்த மலைகளை வெட்டித் திருத்தித் தேயிலை போட்டவர்கள் வெள்ளைக்காரர்கள், அதிலும் பாதிப்பேர் ஸ்காட்லாந்துக்காரர்கள் என்று பிற்பாடு படித்தேன். வெட்டினார்கள் என்றால் வெட்டச் சொன்னார்கள் என்று பொருள். வெட்டியது திருநெல்வேலியிலிருந்தும் மதுரைப் பக்கத்திலிருந்தும் கங்காணிகள் ஓட்டிக்கொண்டு வந்த எங்கள் ஆட்கள். மழையையும் மூடுபனியையும் புல் மூடிய உச்சிகளையும் பார்த்த துரைமார்களுக்குச் சொந்த ஊர் ஞாபகம் வந்திருக்கிறது. கையோடு சில எஸ்டேட்டுகளுக்கு அங்குள்ள மலைக்கிராமங்களின் பெயரை வைத்துவிட்டார்கள். எங்கள் ஜனங்கள் அந்தப் பெயர்களை வெற்றிலையோடு சேர்த்து மென்று தங்களுக்கு வசதியான உருவத்தில் துப்பிக்கொண்டார்கள். நான் பிறந்த டிவிஷனின் பெயரைச் சரியாக உச்சரிக்கக் கற்றபோது எனக்கு மீசை நரைத்திருந்தது.

அந்தப் பெயருடைய அசல் கிராமத்தின் புகைப்படத்தை ஒரு புத்தகத்தில் பார்த்தேன். மலைச்சரிவின் காலடியில் ஒன்றோடொன்று ஒட்டிய கல்வீடுகள், ஒரே வரிசை, ஒரே கூரை, மேலே தனியாக ஒரு பெரிய வீடு. எஸ்டேட்டில் நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்தின் அசல். எங்களுக்கென்று விசேஷமாகக் கண்டுபிடித்த அவமானம் என்று நான் நினைத்திருந்ததை அவர்கள் தங்கள் ஏழைகளிடம் ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் கப்பலேறியிருக்கிறார்கள்.

மலை நகரத்தின் வரலாற்றை எழுதிய துரைமார்களின் புத்தகங்கள் எனக்குப் பிடிக்கும். நல்ல ஆங்கிலம். சர்ச் கட்டுமுன் கல்லறை வந்த கதை, ஆற்றில் விட்ட மீன் குஞ்சுகள், கிளப்பின் சுவரில் யார் சுட்ட காட்டெருமையின் தலை, தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு வெள்ளம் என்று மலையாளக் கணக்கில் சொல்வார்களே, 1924-இன் அந்தப் பெருவெள்ளம் ரயில் பாதையையே பிடுங்கிக்கொண்டு போனது, எல்லாம் இருக்கும். செத்துப்போன நாய்களின் பெயர்கூட இருக்கும். லயத்துப் பெண்கள் தங்களுக்குள் வைத்திருந்த ஒரு சட்டம் மட்டும் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன், ஏனென்றால் அந்தச் சட்டத்தால் மட்டாஞ்சேரியில் ஒரு காலை நேரத்தில், கொஞ்சம் தவறியிருந்தால், என் அம்மாவை அடித்துக் கொன்றிருப்பார்கள்.

சட்டம் இரண்டு பகுதி. முதல் பகுதி: மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது ஓடையில் தண்ணீர் குறைந்தால், ஓடு. மழையில் தண்ணீர் ஏறுவது இயற்கை. குறைகிறது என்றால் மேலே எங்கேயோ மண் சரிந்து ஓடையை அடைத்திருக்கிறது. அடைபட்ட தண்ணீர் கொஞ்ச நேரத்தில் மண்ணையும் மரத்தையும் சேர்த்துக்கொண்டு இறங்கும். இரண்டாம் பகுதி: ஓடும்போது உன் பிள்ளையைத் தேடாதே. கைக்குப் பக்கத்தில் எந்தப் பிள்ளை இருக்கிறதோ அதைத் தூக்கிக்கொண்டு மேலே ஓடு. உன் பிள்ளையை அதன் பக்கத்தில் இருக்கிறவள் தூக்குவாள். மேலே பெரட்டுக்களத்தில் போய் மாற்றிக்கொள்ளலாம். பெரட்டுக்களம் என்பது காலையில் ஆள் எண்ணும் மைதானம். துரைகள் சொன்ன பரேடு எங்கள் வாயில் பெரட்டு ஆனது. அங்கே போய்ச் சேர்ந்ததும் ஒவ்வொருத்தியும் தான் தூக்கி வந்த பிள்ளையைத் தலைக்கு மேலே உயர்த்தி, "இது யாரோடது? எம்புள்ள யார்கிட்ட?" என்று கூவ வேண்டும்.

இந்தச் சட்டம் எப்படி வந்தது என்பதை அம்மா ஒரே ஒரு முறைதான் சொன்னாள். அவளுக்கு நாலைந்து வயதிருக்கும்போது ஓர் ஆடி மாதத்தில் லயத்தின்மேல் மண் இறங்கியிருக்கிறது. அம்மாவைத் தூக்கிக்கொண்டு ஓடியது அடுத்த வீட்டுக்காரி. அம்மாவைத் தேடிக்கொண்டு வீட்டுக்குள்ளேயே நின்றது அவளைப் பெற்றவள். அதற்கு மேல் அம்மா சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நாங்கள் கொச்சிக்கு இறங்கினோம். பெரியப்பா மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் குப்பை வண்டியில் பல வருடங்களாக இருந்தவர். அப்பாவுக்கும் அங்கே தற்காலிக வேலை ஒன்றைப் பிடித்துக்கொடுத்தார். "அங்க மலையே கிடையாது. கையளவு மேடு கிடையாது. சரியறதுக்கு ஒண்ணுமே இல்ல," என்று அப்பா சொன்ன ஒரே காரணத்துக்காகத்தான் அம்மா மூட்டை கட்டினாள். அப்பா சொன்னது அப்பட்டமான உண்மை. கூடவே கடல் இருக்கிறது என்ற விஷயத்தை மட்டும் சொல்லவில்லை. அவருக்கும் அது சரியாகத் தெரியாது என்றே இப்போது நினைக்கிறேன்.

எங்களுக்குக் கிடைத்த வீடு பஜாரில் சுக்குக் கிட்டங்கிகளுக்குப் பின்னால், ஒரே ஓட்டுக் கூரையின் கீழ் வரிசையாக இருந்த அறைகளில் ஒன்று. பார்த்ததும் அம்மாவுக்கு ஆறுதல், லயம் மாதிரியே இருக்கிறதென்று. உடனே சந்தேகமும் வந்துவிட்டது, லயம் இருந்தால் பக்கத்தில் மலையை எங்கே ஒளித்துவைத்திருக்கிறார்கள் என்று. அறைகளுக்குப் பின்னால் ஒரு கால்வாய் ஓடியது. ஓடியது என்பது மரியாதைக்கு. நாற்றம் தாங்காமல் முதல் நாளே பின்கதவைச் சாத்தினோம். கடலின் ஏற்றத்துக்கு அது நிரம்புவதையும் இறக்கத்துக்கு வற்றுவதையும் நாங்கள் யாரும் பார்க்கவில்லை.

பக்கத்து அறையில் ஒரு முஸ்லிம் பெண். எல்லோரும் அவரை இத்தா என்றார்கள், அக்கா என்பது மாதிரி. புருஷன் கல்ஃபில். பெரிய உருவம், பெரிய குரல். என் தங்கை பாப்பாவின் வயதில் அவருக்கு ஒரு பையன் இருந்தான். வந்த மறுநாளே அவரிடம் அம்மா தேங்காய்த் துருவியை இரவல் வாங்கினாள். இவளுக்கு மலையாளம் வராது, அவருக்குத் தமிழ் வராது. இரண்டு பேரும் துருவியை நடுவில் வைத்துக்கொண்டு வெகுநேரம் சிரித்துக்கொண்டிருந்தார்கள். சின்னப் பிள்ளைகள் இரண்டுக்கும் எது யாருடைய வீடு என்பதில் அக்கறை இல்லை. அவன் எங்கள் வீட்டில் இருப்பான். அவள் அவர்கள் வீட்டு டிவியின் முன்னால் இருப்பாள்.

அன்றும் அப்படித்தான். இடைவிடாத மழை. அப்பா வேலைக்குப் போயிருந்தார். எனக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் இன்னும் கிடைக்கவில்லை. கட்டிலில் கால் நீட்டிக்கொண்டு ஒரு ராஜகுமாரனைப் போல் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேன். இத்தாவின் பையன் அம்மாவின் காலடியில் உட்கார்ந்து ஒரு கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தான். அரிசி கழுவிய தண்ணீரைக் கொட்ட அம்மா பின்கதவைத் திறந்தாள்.

பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டு நான் நிமிர்ந்தேன். அம்மாவின் தோளுக்கு அந்தப் பக்கம் கால்வாய் தெரிந்தது. வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. கால்வாயில் தண்ணீர் இல்லை. கரிய சேறும் நடுவில் ஒரு கோடு போல ஈரமும், அதில் ஒரு செருப்பும்.

ஒன்பது வயதில் எனக்குப் பெருக்கல் வாய்ப்பாடு தெரியாது. அந்தச் சேற்றுக்கு என்ன அர்த்தம் என்று தெரியும்.

"எந்திரிடா! தண்ணி போயிருச்சு! ஓடு!"

அம்மா குனிந்து பையனை வாரி இடுப்பில் வைத்தாள். கரண்டியோடு வந்தான். இன்னொரு கையால் என் சட்டையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள்.

"அம்மா, இது நம்ம பாப்பா இல்ல!"

"தெரியும். ஓடு!"

அந்த இரண்டு சொற்கள் மாதிரி என்னைப் பயமுறுத்திய எதையும் நான் அதற்குப் பின் கேட்டதில்லை. தெரியாமல் மாற்றித் தூக்கியிருந்தால்கூடப் பரவாயில்லை. அவளுக்குத் தெரிந்திருந்தது. பாப்பா அடுத்த வீட்டில் இருக்கிறாள், இத்தா அவள் பக்கத்தில் இருக்கிறாள், ஆகவே இத்தா அவளைத் தூக்குவாள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அம்மாவின் உலகத்தில் இதைத் தெரியாத பெண் ஒருத்தி இருக்கவே முடியாது.

வாசலில் நின்று வரிசை முழுவதற்கும் கேட்கும்படி, "தண்ணி போயிருச்சு! மேல ஓடுங்க!" என்று கத்தினாள். நாலாவது அறையிலிருந்து ஒரு சேச்சி தலையை நீட்டி, "ஆ, குழாயில உச்சைக்குத்தான் இனி வரும்," என்று சமாதானமாகச் சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஊரில் தண்ணீர் போவது ஒரு செய்தியே அல்ல.

ஓடினோம். மழையில் பஜார் ரோடு ஒரே வழுக்கல். கை வண்டிகள், தார்ப்பாய் மூடிய லாரிகள், மிளகு மூட்டைகள். எங்கே பார்த்தாலும் தரை, தட்டையான தரை. "மேடு எங்கடா? மேடு எங்க இருக்கு?" என்று அம்மா என்னைக் கேட்டாள். பள்ளிக்கூடம் இல்லாத பையனாகையால் அந்தச் சில நாட்களில் நான் சுற்றாத சந்து இல்லை. சுக்குக் கிட்டங்கி ஒன்றின் உள்முற்றத்தில் மரப்படி ஒன்று மாடிக்குப் போவதைப் பார்த்திருந்தேன். கையைக் காட்டினேன். என் வாழ்க்கையில் ஒரு குடும்பத்துக்கு நான் வழிகாட்டியது அந்த ஒரு முறைதான். விளைவைப் பார்த்தபின் அந்தப் பொறுப்பை நான் மறுபடி ஏற்றுக்கொள்ளவில்லை.

முற்றத்தில் சுண்ணாம்புத் தூள் பூசிய சுக்குக் குவியல்களுக்கு நடுவே நின்றிருந்த ஆட்களைத் தள்ளிக்கொண்டு அம்மா படியேறினாள். மாடியில் கூரை வரை மூட்டைகள். அவற்றின் மேலும் ஏறினாள். என்னையும் இழுத்துப் போட்டாள். அதற்குமேல் ஏற ஓடுதான் இருந்தது. கீழே இருந்தவர்கள் திகைத்து, பின்னாலேயே படியேறி வந்து நின்றார்கள். நீலச் சட்டை போட்ட சுமை தூக்கும் தொழிலாளிகள், சுக்குப் பொறுக்கும் பெண்கள்.

அம்மா மூட்டைகளின் உச்சியில் நின்றுகொண்டு இத்தாவின் பையனைத் தலைக்கு மேலே தூக்கினாள்.

"இது யாரோடது? எம்புள்ள யார்கிட்ட?"

பெரட்டுக்களத்தில் இதற்குப் பதிலாக நாலா பக்கமும் கைகள் உயரும். ஒவ்வொரு கையிலும் ஒரு பிள்ளை இருக்கும். இங்கே நாலா பக்கமும் வாய்கள் திறந்தன. ஒருவன் சிரித்தான்.

"எந்தா சேச்சி, ஏலம் போடுதா?"

ஏலத்துக்குப் பேர்போன ஊர். எல்லோரும் சிரித்தார்கள். அம்மா மறுபடியும் தூக்கிக் காட்டினாள். மறுபடியும் கேட்டாள். பையன், "உம்மா!" என்று வீறிட்டான். சிரிப்பு நின்றது.

தடித்த மீசைக்காரர் ஒருவர் முன்னால் வந்தார். கிட்டங்கியின் மேஸ்திரி. தமிழும் மலையாளமும் கலந்து பேசினார். "எடீ, ஈ குஞ்ஞு நின்றெயா? இது உன்னோட பிள்ளையா?"

"இல்ல," என்றாள் அம்மா.

என் அம்மா வாழ்நாள் முழுக்க உண்மையே பேசினாள். அதனால் ஒரு காசுக்கும் பிரயோஜனம் இருந்ததில்லை.

"பின்ன ஆரோடது?"

"பக்கத்து வீட்டுது."

"பின்ன நீ எதுக்குக் கொண்டு வந்தது?"

"கைக்குக் கிடைச்சுது. தூக்கிட்டு வந்துட்டேன்."

மேஸ்திரி திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தார். "கேட்டோ? கைக்குக் கிடைச்சதாம்!"

பின்னாலிருந்து ஒரு பெண் குரல், கீச்சென்று: "பிள்ளபிடித்தக்காரி! தமிழத்தி!"

அந்தக் காலத்தில் அங்கே பிள்ளை பிடிப்பவர்களைப் பற்றி ஒரு கதை எப்போதும் உலவிக்கொண்டிருந்தது. கதையில் பிள்ளை பிடிப்பவர்கள் தமிழ் பேசுவார்கள். சாக்கு வைத்திருப்பார்கள். நாங்கள் நின்றுகொண்டிருந்ததோ நூற்றுக்கணக்கான சாக்குகளின் மேல்.

ஆனால் அம்மா அந்தச் சொல்லைக் கவனிக்கவில்லை. அவள் கூட்டத்தில் ஒவ்வொருவர் கையாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். எந்தக் கையிலும் பிள்ளை இல்லை. கடைசிக் கை வரை பார்த்துவிட்டு அவள் முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். இங்கே யாருமே யாரையும் தூக்கவில்லை. இவர்களுக்குத் தெரியாது. பாப்பா கால்வாய்க் கரையில் அந்த அறையில்தான் இருக்கிறாள்.

"விடுங்க! வழிய விடுங்க! எம்புள்ள அங்க இருக்கு!"

பையனைக் கீழே இறக்கிவிட்டு மூட்டைகளிலிருந்து சறுக்கினாள். பிள்ளை பிடித்தவள் தப்பிக்கப் பார்க்கிறாள் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டுமா? இரண்டு பேர் தோளைப் பிடித்தார்கள். ஒருத்தி பின்னலைப் பிடித்து இழுத்தாள். யாரோ அடித்தார்கள், சத்தம் கேட்டது. மண் இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் வந்துகொண்டிருக்கிறது என்று அம்மா நம்பினாள். நானும் நம்பினேன். அவளைப் பிடித்திருந்த ஒவ்வொரு கணமும் பாப்பாவின் தலைமேல் இறங்கிக்கொண்டிருந்தது. "மண்ணு வருது! எம்புள்ள போயிரும்! காலப் பிடிக்கிறேன், விடுங்க!" அவள் உண்மையிலேயே மேஸ்திரியின் காலைப் பிடித்தாள். அவர் காலை இழுத்துக்கொண்டார்.

"போலீஸ விளி," என்றது ஒரு குரல். "போலீஸ் பின்ன. முதல்ல கெட்டிப்போடு," என்றது இன்னொன்று.

என்னையும் ஒருவர் மூட்டையிலிருந்து இறக்கினார். "மோனே, பேடிக்கண்டா. பயப்படாதே. இவ உன்ன எங்கிருந்து கொண்டு வந்தது?"

"இது எங்கம்மா," என்றேன். மறுபடி சொன்னேன். அவர் என் முகத்தையும் அம்மா முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கள் இருவருக்கும் ஒரே மூக்கு, மழை வந்தால் தண்ணீர் தேங்கும் என்று பெரியப்பா கேலி செய்கிற மூக்கு. அதை அவர் போதுமான அத்தாட்சியாக எடுத்துக்கொண்டது போலத் தெரிந்தது. பிறகு மேஸ்திரியிடம், "பையன் இவளோடதுதான். இவனையும் தொழில் பழக்குது," என்றார்.

யாரோ மூட்டை கட்டும் சணல் கயிற்றை எடுத்து வந்தார்கள். அம்மாவின் கைகளைப் பின்னால் இழுத்துக் கட்டினார்கள். அப்போதுதான் படியில் அந்தப் பெரிய குரல் கேட்டது. "என்றெ மோன்! என்றெ மோன் எவிடே?"

இத்தா மேலே வந்தார். நனைந்து சொட்டினார், தலைத்துணி கழுத்தில் கிடந்தது, காலில் செருப்பு இல்லை. இடுப்பில் பாப்பா இருந்தாள். தன் பிள்ளையைத் தேடித் தெருவெங்கும் ஓடியபோது வீட்டில் தனியாக விட்டு வர மனமில்லாமல் அவளையும் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். பாப்பா சந்தோஷமாக இருந்தாள். அவளைப் பொறுத்தவரை அது சவாரி.

பையன் அழுதபடி அவரிடம் ஓடினான். அவர் அவனையும் வாரி மறு இடுப்பில் வைத்துக்கொண்டார். தலை, கை, கால் எல்லாவற்றையும் தடவிப் பார்த்தார். கூட்டம் வழிவிட்டது. மேஸ்திரி அம்மாவைக் காட்டி, "இவளாக்கும், இத்தா. கையோட பிடிச்சு. போலீஸ விளிக்கட்டே?" என்றார்.

இத்தா அம்மாவைப் பார்த்தார். அவர் கண்ணில் அப்போது இருந்த வெறியைப் பார்த்து நான் ஒரு மூட்டைக்குப் பின்னால் போய்விட்டேன். அடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் ஒரு சொல் சொன்னால் போதும். மீதியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

அம்மா அவரைப் பார்க்கவில்லை. பாப்பாவைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கட்டப்பட்ட கைகளோடு, வாயைத் திறந்து, சத்தமே இல்லாமல் அழுதாள். தப்பிக்கவும் முயலவில்லை, விளக்கம் சொல்லவும் முயலவில்லை. பிள்ளை மேலே வந்துவிட்டது. இனி யார் என்ன செய்தால் என்ன?

இத்தா தன் இடுப்பிலிருந்த பாப்பாவையும் தரையில் கிடந்தவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஞானாக்கும், நான்தான் கொண்டு போகச் சொன்னது," என்றார். "கயிற அவிழ். எல்லாரும் போய் அவரவர் ஜோலி நோக்கு."

"பின்ன நீங்க மோன் எவிடேன்னு அலறியது?" என்றார் மேஸ்திரி.

"என் மோன், என் வாய். நான் அலறும். உனக்கு என்ன?"

மேஸ்திரிக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் பிள்ளையைப் பெற்றவளே இப்படிச் சொன்னால் அவர் என்ன செய்வார்? கயிற்றை அவிழ்த்தார்கள். ஏமாற்றத்தோடு கலைந்தார்கள். ஏலம் என்று கேட்டவன் மட்டும் படியிலிருந்து, "அப்ப ஏலம் கழிஞ்ஞு," என்றான். யாரும் சிரிக்கவில்லை.

வீடு வரை இத்தா முன்னால் நடந்தார், இரண்டு இடுப்பிலும் இரண்டு பிள்ளைகளோடு. பாப்பாவை அம்மாவிடம் கொடுக்கவில்லை. அம்மா கேட்கவும் இல்லை. இரண்டடி பின்னால் தலையைக் குனிந்தபடி வந்தாள். அவள் உதடு கிழிந்திருந்தது. வாசலில்தான் பாப்பாவை இறக்கிவிட்டார். பிறகு விரலை நீட்டி, ஒவ்வொரு சொல்லாக, தமிழில் சொல்லப் பார்த்தார்.

"என் மோன நீ தொடக்கூடாது. இனி தொடக்கூடாது."

கதவைச் சாத்தினார். உள்ளே தாழ் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் அழுதது சுவர் வழியாக எங்களுக்குக் கேட்டது.

எங்கள் பின்கதவு திறந்தபடியே கிடந்தது. கால்வாயில் தண்ணீர் திரும்பி ஏறிக்கொண்டிருந்தது. அந்தச் செருப்பு இப்போது மிதந்தது.

சாயங்காலம் பெரியப்பா வந்தார். செய்தி அதற்குள் பஜார் முழுக்கப் பரவியிருந்தது. "மட்டாஞ்சேரியில உருள் பொட்டிச்சாம், மலை சரிஞ்சுதாம்! எடா, இங்க என்ன வந்து விழணும்? வானம் வேணும்னா விழணும்," என்று தொடையில் தட்டிச் சிரித்தார். அம்மாவின் உதட்டைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சாயா வாங்கப் போனார். அப்பா பொறுமையாகக் கடலின் ஏற்ற இறக்கத்தை விளக்கினார்; அன்று மதியம்தான் யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தார். நிலா இழுக்கிறது, அதனால் தண்ணீர் போகிறது, பிறகு வருகிறது.

"நிலாவுக்கு இந்தச் சாக்கடையில என்ன வேலை?" என்றாள் அம்மா.

இன்றைக்கு எவ்வளவோ படித்த பிறகும் அதற்கு என்னிடம் திருப்தியான பதில் இல்லை.

அம்மா தினமும் பின்கதவைத் திறந்து பார்க்க ஆரம்பித்தாள். வற்றும்போது கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். ஏறிய பிறகுதான் அடுப்பைப் பற்றவைப்பாள். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு நேரம் கடலின் வசதிப்படி மாறியது. வெகுகாலம் கழித்து சுனாமி வந்த சமயத்தில், கடல் மறுபடியும் வருகிறது என்று ஒரு புரளி கிளம்பி ஊரே மூட்டை முடிச்சோடு பாலத்தைப் பார்த்து ஓடியது. அம்மா பின்கதவைத் திறந்தாள், "தண்ணி இருக்குல்ல?" என்றாள், உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினாள். அன்று நடுங்கியது நான்தான்.

கிட்டங்கியில் நடந்ததற்குப் பிறகு என் பயம் வேறு திசையில் போயிருந்தது. அந்தப் பஜாரில் தமிழில் வாயைத் திறக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. கடையில் சாமானை விரலால் சுட்டிக் காட்டுவேன். பள்ளிக்கூடத்தில் சேர்ந்த பிறகு வெகு வேகமாக மலையாளம் கற்றேன். புத்திசாலிப் பையன் என்று வாத்தியார்கள் மெச்சினார்கள். துரத்தப்படுகிறவன் வேகமாக ஓடினால் அதைத் திறமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. தெருவில் அம்மா என்னோடு பேசினால் கேட்காதவன் போல் முன்னால் போய்விடுவேன். நீலச் சட்டையைக் கண்டால் இன்றைக்கும் எனக்கு மூத்திரம் முட்டுகிறது. நாகரிகம் கருதி அதைச் சர்க்கரை வியாதி என்று சொல்லிக்கொள்கிறேன்.

இத்தாவின் கதவு அந்த மழைக்காலம் முழுக்கச் சாத்தியே இருந்தது. பையனைத் திறந்த வெளியில் விடவே மாட்டார். தண்ணீர் பிடிக்க வந்தாலும் இடுப்பில் இறுக்கிக்கொண்டே வருவார். அம்மா குழாயடியில் இருந்தால் அவர் போகும்வரை இவள் எழுந்து ஓரமாக நிற்பாள். ஒரு நாள் அம்மா தேங்காய்த் துருவியைக் கழுவி அவர் வாசலில் வைத்துவிட்டு வந்தாள். அது உள்ளே போனது. சொல் எதுவும் வெளியே வரவில்லை.

மழை ஓய்கிற பருவத்தில் ஒரு மதியம். கால்வாய் வற்றிக்கொண்டிருந்தது. அம்மா வழக்கம் போலப் பின்வாசலில் நின்றிருந்தாள். பக்கத்துப் பின்கதவு திறந்தது. இத்தா பையனோடு வெளியே வந்து அவளுக்குக் கொஞ்சம் தள்ளி நின்றார். இரண்டு பேரும் சேற்றையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். உள்ளே கட்டிலில் நான் எழுந்து உட்கார்ந்தேன். ஏதாவது சண்டை வரப்போகிறது, மறுபடியும் கூட்டம் கூடப்போகிறது என்று தோன்றியது.

"உன் அண்ணன் என்கிட்ட எல்லாம் பறஞ்ஞு," என்றார் இத்தா. அண்ணன் என்றது பெரியப்பாவை. "உன் உம்மாவோட கதை."

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கட்டே. நேராயிட்டு வந்தா? நெஜமாவே மண்ணு வந்தா? இனியும் நீ இவன எடுக்குமோ?"

வேண்டாம் என்று நான் உள்ளேயிருந்து மனசுக்குள் கத்தினேன். எடுக்க மாட்டேன் என்று சொல், அம்மா. ஒரு தடவை பொய் சொல்.

"பக்கத்துல எந்தப் புள்ள இருக்கோ அத எடுப்பேன்," என்றாள் அம்மா.

"உன் மோள் தூர நின்னா?"

"அவ பக்கத்துல நீங்க இருப்பீங்கல்ல, இத்தா."

சேற்றில் நண்டுகள் ஓடுகிற சின்னச் சலசலப்பு மட்டும் கேட்டது. நான் எட்டிப் பார்த்தேன். இத்தா குனிந்து பையனைத் தரையில் இறக்கிவிட்டிருந்தார். எங்கள் படியில் பாப்பா கரண்டியால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தாள். அவன் அவளை நோக்கி நடந்தான். அதற்கு அவன் அம்மாவைக் கடந்து போக வேண்டும்.

அவன் புடவையை உரசிக்கொண்டு போகும்வரை அம்மா அசையாமல் நின்றாள், இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுகக் கோத்துக்கொண்டு.